பழுதுக்கு யார் பொறுப்பு?

ஐயப்பன்தாங்கலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் வாயிலில், காவலரின் கையில் ஒரு கைப்பேசி இருக்கிறது. முன்பு அங்கே நூலில் கட்டிய பேனாவுடன் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று பால்காரர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், கூரியர் பையன், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஆகிய அனைவரும் அந்தக் கைப்பேசியிலுள்ள செயலி ஒன்றின் வழியாகவே உள்ளே வர வேண்டும். வேலைக்கு வரும் பெண்களுக்கு ஆளுக்கோர் ஆறு இலக்க எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் அவருடைய புகைப்படம், தொலைபேசி எண், அவர் எந்தெந்த வீடுகளில் வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்ற விவரங்கள் அனைத்தும் அடுக்கப்பட்டிருக்கின்றன. போதாததற்கு, அவருக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடும் உரிமையும் நமக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு நானும் என் மனைவியும் வேளாங்கண்ணிக்குச் சென்று நான்கு நாள் தங்கித் திரும்பினோம். வீட்டைப் பெருக்கித் துடைக்கவும், பால்கனியிலுள்ள செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் வேலைக்கார அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம். மாத இறுதியில் சம்பளக் கணக்குப் பார்த்தபோது, அந்த நான்கு நாளும் அவர் வரவில்லை என்று செயலி காட்டியது. நான்கு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். “சார், நான் நாலு நாளும் வந்தேன். வரலேன்னா செடிக்கு யாரு தண்ணி ஊத்தினது?” என்று அவர் கேட்டார். செடிகள் பச்சையாகத்தான் நின்றன. என் கண்ணுக்கு முன்னால்தான் நின்றன. ஆனாலும் நான் கைப்பேசியைக் காட்டி, “இதில் இல்லையே அம்மா” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

பத்து நாள் கழித்துக் காவலர் சொன்னார்: அந்த வாரம் பின்வாசல் கைப்பேசிக்கு இணையத் தொடர்பு இல்லையாம். அவ்வழியே வந்தவர் எவருடைய வரவும் பதிவாகவில்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் என்னை உறுத்துவது பணமன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் 31 ஆண்டுகள் தரப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவுகோலையே சந்தேகிக்க வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் முதற்பாடம். ஆண்டுதோறும் எங்கள் கேஜ்களையும் மைக்ரோமீட்டர்களையும் வெளியே அனுப்பிச் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்குவோம். சான்றில்லாத கருவியால் அளந்த அளவு அளவே அன்று. அப்படிப் பழகிய நான், யாரும் சரிபார்க்காத ஒரு கருவியின் சொல்லை நம்பி ஓர் ஏழைப் பெண்ணின் கூலியில் கை வைத்தேன்.

என்னுடையது சிறிய தவறு. இதே தவறை ஒரு தேசமே பல ஆண்டுகள் செய்தது. இங்கிலாந்தின் அஞ்சல் துறை, தன் கிளை அஞ்சலகங்களின் கணக்குக்காக ‘ஹொரைசன்’ என்னும் மென்பொருளை 1999 முதல் பயன்படுத்தியது. அதை அளித்தது ஃபுஜிட்சு நிறுவனம். அந்த மென்பொருள் பல கிளைகளில் இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டிற்று. பணம் எங்கே என்று கேட்டால், கிளை நடத்துபவரால் என்ன பதில் சொல்ல முடியும்? 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சீமா மிஸ்ரா என்னும் இந்திய வம்சாவளிப் பெண். 2010இல் கருவுற்றிருந்த நிலையில் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பைத் திருத்தியது 2021இல். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அறிவித்தது. எஞ்சியோரின் தண்டனைகளை நீக்க 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கணினி தவறு செய்யாது, மனிதன்தான் செய்வான் என்ற எண்ணம் அத்தனை குடும்பங்களைக் குலைத்தது. அந்த எண்ணத்தின் ஒரு துளி என்னிடமும் இருந்தது. வாசகர்களே, உங்களிடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்பத்தூரில் எங்கள் தொழிற்கூடத்திலிருந்து போன போல்ட் ஒன்றில் விரிசல் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வாங்கிய நிறுவனம் அந்த லாட் முழுவதையும் ‘ரிஜெக்ட்’ என்று திருப்பி அனுப்பும். கூடவே டெபிட் நோட்டும் வரும். அந்த போல்ட் எந்தக் கம்பியிலிருந்து, எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில் செய்யப்பட்டது, பரிசோதித்துக் கையெழுத்திட்டவர் யார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். பலமுறை அந்தக் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கிறது. முதலாளி அறையில் நின்றிருக்கிறேன். இரண்டு ரூபாய் போல்டுக்கு அத்தனை பொறுப்பு!

அந்தப் பழக்கத்தில், எங்கள் வாயிற்செயலியின் பயன்பாட்டு ஒப்பந்தத்தை இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எங்கள் வளாகத்தில் அதைப் படித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அனைத்தும் ஆங்கிலம். அதன் சாரம் இவ்வளவே: இச்செயலி ‘உள்ளது உள்ளபடி’ வழங்கப்படுகிறது, இது பிழையின்றி இயங்கும் என்று நிறுவனம் உறுதி கூறவில்லை, இதனால் நேரும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பாகாது. இந்த ஒரு செயலி மட்டும் அப்படி என்று எண்ண வேண்டாம். உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனங்களின் உரிம ஒப்பந்தங்களிலும் இதே வாசகந்தான், வேறு வேறு உடையில் நிற்கிறது. ஒரு போல்ட் செய்பவர் தன் பெட்டியின்மேல் ‘இது உடையலாம், உடைந்தால் எங்களைக் கேட்காதீர்’ என்று அச்சடித்து அனுப்பினால் நாம் என்ன சொல்வோம்?

பெரியவர்களுக்கும் இதே கதிதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், பிழையுள்ள புதுப்பிப்பு ஒன்றை உலகெங்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. மைக்ரோசாப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்தனர். டெல்டா விமான நிறுவனம் தனக்கு 50 கோடி டாலர் இழப்பு என்றது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் வழக்கறிஞர்களோ, ஒப்பந்தப்படி தங்கள் பொறுப்பு சில மில்லியன் டாலருக்குள் அடங்கிவிடும் என்று பதில் எழுதினர். வழக்கறிஞர் படையுடன் நிற்கும் விமான நிறுவனத்துக்கே இந்தப் பதில் என்றால், காட்டுப்பாக்கத்திலிருந்து நடந்துவந்து ஆறு இலக்க எண்ணைச் சொல்லும் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

“மென்பொருள் என்ன, கையில் பிடிக்கக்கூடிய பொருளா?” என்று சிலர் கேட்கலாம். வரி வாங்கும்போது அது பொருள்தான். 2004 நவம்பர் 5 அன்று, டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில், வட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’ என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆகவே விற்பனை வரி கட்ட வேண்டும். அரசுக்கு வரி செலுத்தும்போது சரக்கு. வாங்கியவன் அழுதுகொண்டு வரும்போது மட்டும் அது காற்றா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பழுதுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு உற்பத்தியாளர் ஈடு தர வேண்டும் என்று ஒரு தனி இயலே இருக்கிறது. அதிலுள்ள ‘பொருள்’ என்பதன் விளக்கத்தில் மென்பொருள் என்ற சொல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் பொருட்பொறுப்பு நெறிமுறையைத் திருத்தி, மென்பொருளும் ஒரு பொருளே என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க 2026 டிசம்பர் 9 வரை தவணையும் விதித்தது. தனிமனிதர் ஒருவருடைய தரவு அழிந்துபோனால் அதுவும் இழப்பே என்று அந்நெறிமுறை கூறுகிறது. ஆகவே, இது இயலாத காரியமன்று. நம் நாட்டில் எவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது பாத்திரத்தின் பழுது. இனி, அந்தப் பாத்திரத்தில் நாம் எதை ஊற்றி வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஓட்டையாகலாம் என்று செய்தவனே எழுதிக்கொடுத்த பாத்திரத்தில், ஒருவன் தண்ணீரை வைக்கலாம். தன் குடும்பத்தின் நோயை வைக்கலாமா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் நம் பகுதியிலும் இருக்கின்றனர். அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்களை, டெலிகிராம் செயலியில் இயங்கிய தானியங்கி உரையாடி ஒன்றின் வழியாக எவரும் பெறமுடிகிறது என்று 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டுமா? அடையாள அட்டை நகல்கள், பரிசோதனை முடிவுகள், மருத்துவர் எழுதிய நோய்க்குறிப்புகள்! கேரளத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கு அளித்த சிகிச்சையின் ஆவணமும் அதில் இருந்தது. 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் கூறிக்கொண்டான். பரவலான கசிவு இல்லை, வாடிக்கையாளரின் தரவு பாதுகாப்பாக உள்ளது என்று முதலில் சொன்ன நிறுவனம், தீய நோக்கத்துடன் நடந்த தாக்குதலுக்குத் தான் இலக்கானதை அக்டோபரில் ஒப்புக்கொண்டது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாகவும் தெரிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த உரையாடிகளைத் தடுக்குமாறு நீதிமன்றமும் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

நிறுவனம் திருட்டுக்கு ஆளானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வங்கிப் பெட்டகத்தில் வைத்த நகை களவு போனால், வங்கியும் திருடனுக்கு இலக்கானதுதான் என்று நாம் வீட்டுக்குத் திரும்பிவிடுவதில்லை. நகையையாவது மீண்டும் வாங்கலாம். மகளுக்கு இளம்வயதில் வந்துபோன காசநோயையோ, மருமகளின் கருச்சிதைவையோ, மகன் மனநல மருத்துவரிடம் சென்றதையோ ஊரார் ஒருமுறை அறிந்த பின் அறியாமல் ஆக்க முடியுமா? “மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?” என்று துணிந்து பேசுவோர் உண்டு. அவர்கள் தம் பெண்ணுக்கு வரன் பார்க்கும் ஆண்டில் இதே கேள்வியைக் கேட்கட்டும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறினர். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விதிகள் வெளிவர மேலும் இரண்டு ஆண்டுகள். 2025 நவம்பரில்தான் அவை அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கோ அதன்மேலும் 18 மாதத் தவணை. நாட்டு மக்களின் உரிமையைக் காக்க வேண்டியவர்கள் எவ்வளவு நிதானமாக நடக்கிறார்கள் பாருங்கள்!

தவணையைக்கூடப் பொறுக்கலாம். உள்ளே இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது சட்டம். கேட்கக் காது குளிர்கிறது. அந்தப் பணம் யாருக்குப் போகும்? அரசின் தொகுப்பு நிதிக்கு. அந்தரங்கத்தை இழந்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவு, கவனக்குறைவால் தரவை இழந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லிவந்தது. அந்தப் பிரிவையே புதிய சட்டம் நீக்கச் சொல்கிறது. பொய்யான புகார் கொடுக்கும் குடிமகனுக்கு மட்டும் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க மறக்கவில்லை. என் வீட்டில் களவு போனால் திருடனிடமிருந்து அரசு தண்டம் வாங்கிக்கொள்ளும். நான் வெறும் சாட்சி. சாட்சியம் பிசகினால் எனக்கும் தண்டம். இதற்குப் பெயர் நுகர்வோர் பாதுகாப்பு என்றால், பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டும்.

அச்சட்டத்தில் நல்லது ஒன்றும் இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் எங்கள் வாயிலில் எண் சொல்லும் பெண்களிடம் ஆங்கிலத்திலும் கேட்கப்படவில்லை, தமிழிலும் கேட்கப்படவில்லை. “நில்லு, போட்டோ எடுக்கணும்” என்று காவலர் சொன்னார், நின்றார்கள். நிற்காவிட்டால் வேலை இல்லை. இதை ஒப்புதல் என்று எந்த மொழியில் சொல்வது?

இவ்வாறு எழுதுவது நம் பிள்ளைகளின் வயிற்றில் அடிப்பதாகும் என்று என் நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். ஐயப்பன்தாங்கலின் வீடுகளில் பாதிக்கு மேல் மணப்பாக்கத்திலும் போரூரிலும் உள்ள மென்பொருள் வளாகங்களின் சம்பளத்தில் எழுந்தவைதாமே என்பது அவர் வாதம். என் மகனும் அத்தொழிலில்தான் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். “அப்பா, பிழை இருக்குன்னு எங்களுக்கும் தெரியும். தேதி குறிச்சாச்சு, வெளியே விட்டாகணும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்னு மேலிடம் சொல்லும்” என்றான். பரிசோதகர்களைத்தான் முதலில் குறைக்கிறார்களாம். என் தொழிற்கூடத்திலும் மாதக் கடைசியில் “போனால் போகட்டும், அனுப்பு” என்று சொன்ன மேலாளர்கள் இருந்தார்கள். அவர்களைத் தடுத்தது என் நேர்மையன்று. டெபிட் நோட்டின் பயம். இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் வந்தால், என் மகனும் தன் மேலதிகாரியிடம் ‘இன்னும் முடியவில்லை’ என்று சொல்ல ஒரு பற்றுக்கோடு கிடைக்கும்.

பிறரைக் கடியும் இந்த வேளையில் நம் முற்றத்தையும் கொஞ்சம் பெருக்குவது நல்லது. பங்குகளில் குடும்பப் பதிவேடுகள் இன்று இணையப் படிவங்களாகிவிட்டன. வருமானம், கடன், யாருக்கு என்ன நோய், யார் திருமணம் திருச்சபை முறைப்படி ஆகவில்லை என்பவையெல்லாம் எவரோ ஒருவருடைய கைப்பேசியில் கிடக்கின்றன. பங்கு வாட்ஸ்அப் குழுக்களில் அரிசிப் பை வாங்கும் விதவைத் தாயின் படம், முகம் தெரிய, நன்கொடையாளரின் புன்னகையோடு வருகிறது. அவருடைய பேரப்பிள்ளைகளும் அதே குழுவில் இருக்கலாம் என்று எவரும் எண்ணுவதில்லை. ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைக் குலைக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பே 220ஆம் விதியில் கூறுகிறது. நாட்டின் சட்டத்துக்கு நாற்பது ஆண்டு முந்திய விதி நம் கையில் இருந்தது. எடுத்துப் படித்தவர் சிலரே.

சென்ற மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நான்கு கோரிக்கைகளை வைத்தேன். வேலைக்கு வருவோரின் வருகைப் பதிவு 30 நாளுக்கு மேல் இருக்கலாகாது. நட்சத்திர மதிப்பெண் வேண்டாம். படம் எடுக்கும்முன் தமிழில் எழுதிய தாளைப் படித்துக்காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். மறுப்பவருக்குப் பழைய நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, செயலியின் பழுதால் எவருக்கேனும் கூலி இழப்பு நேர்ந்தால் நிறுவனம் ஈடு செய்யும் என்ற வரியைச் சேர்க்க வேண்டும். கடைசிக் கோரிக்கைக்குச் சிரிப்பு எழுந்தது. “அப்படி எந்தக் கம்பெனியும் எழுதித் தராது சார்” என்றார் செயலாளர். “அப்படியென்றால் நாம் ஏன் கையெழுத்திட வேண்டும்?” என்று கேட்டேன். நட்சத்திரத்தை நீக்க ஒப்புக்கொண்டார்கள். மற்றவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன.

வேலைக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். “என் போட்டோவை எடுத்துருவாங்களா சார்?” என்று கேட்டார். நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். எழுதியது உண்மை. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று மூன்று நொடியில் ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த கூட்டம் வரும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, திருப்பலி முடிந்து வரும் நேரத்தில்.